மரக்கால் யார் கையில்?

பஞ்சாலைகளிலும் இயந்திரத் தொழிற்சாலைகளிலும் சர்க்கரை ஆலைகளிலும் ஒரு புதிய மேஸ்திரி வந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் சத்தம் போடுவதில்லை. ஷெட்டுக்குள் கால் வைப்பதுமில்லை. ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டே, எந்த மெஷினில் எந்த நம்பர் நூல் ஓட வேண்டும், எத்தனை பேர் நிற்க வேண்டும், எத்தனை மணிக்குள் எத்தனை கிலோ இறங்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறான். “இவ்வளவு முடியாதே ஐயா” என்று தொழிலாளி கேட்டால், “கம்ப்யூட்டர் சொல்கிறது, நான் என்ன செய்யட்டும்?” என்று அதிகாரி கையை விரிக்கிறார்.

இந்தப் பதிலைத் தொழிலாளர்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். கம்ப்யூட்டர் தானாக எதையும் சொல்வதில்லை. யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த எண்களைப் பெருக்கி, வகுத்து, திருப்பிச் சொல்கிறது. எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார், யாரைக் கேட்டு எழுதினார் என்பதே கேள்வி.

வயலில் கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தை விவசாயத் தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூலி எத்தனை மரக்கால் என்று பேசி முடிப்பது ஒரு போராட்டம். அளக்கிற மரக்கால் சரியான மரக்கால்தானா என்று கேட்பது இன்னொரு போராட்டம். வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகள் இருந்தன. பேசிய கூலி உயர்ந்தாலும் மரக்கால் சுருங்கினால் கலயத்தில் விழும் நெல் உயராது. இன்று ஆலையின் கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் ஒரு மரக்கால்தான். நெல்லுக்குப் பதிலாக அது மனிதனுடைய நேரத்தையும் உடம்பையும் அளக்கிறது. அந்த மரக்காலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பதே இந்தத் தலையங்கத்தின் நோக்கம்.

ஆலையைப் பெட்டிக்குள் அடைப்பது எப்படி?

உற்பத்தித் திட்ட மென்பொருள் என்று சொல்கிறார்களே, அதில் மாயம் ஒன்றும் இல்லை. நான்கு கணக்குப் புத்தகங்கள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

முதல் புத்தகம் சாமான் பட்டியல். நூறு கிலோ நூலுக்கு எத்தனை கிலோ பஞ்சு வேண்டும், கழிவு எத்தனை போகும், எத்தனை கோன், எத்தனை பை வேண்டும் என்று அதில் இருக்கும். பொங்கலுக்கு அரிசி, பருப்பு, வெல்லம் என்று கணக்குப் போடுகிறோமே, அதே காரியம்.

இரண்டாவது புத்தகம் வேலை மையங்கள். கார்டிங் ஒரு மையம், ஸ்பின்னிங் ஒரு மையம், கோன் வைண்டிங் ஒரு மையம். ஒவ்வொன்றுக்கும் கட்டங்கள் உண்டு. மெஷின் எத்தனை? ஷிப்டு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது? இடைவேளை எத்தனை நிமிடம்? மீதி நேரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு மெஷின் உண்மையில் ஓடும்?

மூன்றாவது புத்தகம் வேலை வழி. பஞ்சு புளோரூமில் இறங்குகிறது. கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங், பேக்கிங் என்று போகிறது. ஒவ்வொரு படியிலும் மெஷினைத் தயார் செய்ய எவ்வளவு நேரம், மெஷின் ஓட எவ்வளவு நேரம், மனித உழைப்பு எவ்வளவு நேரம், அடுத்த படிக்குப் போகுமுன் சரக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று எழுதியிருக்கும்.

நான்காவது புத்தகம் ஆர்டர். என்ன சரக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள்.

இந்த நான்கும் கையில் இருந்தால் கம்ப்யூட்டர் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும். இருபதாம் தேதி லாரி ஏற வேண்டுமானால் பதினெட்டில் கோன் முடிய வேண்டும், அதற்கு முன் ஸ்பின்னிங், அதற்கு முன் சிம்ப்ளக்ஸ், இன்ன நாளில் இத்தனை பேல் பஞ்சு வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடும். இந்த முறையை 1964 வாக்கில் அமெரிக்காவில் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் ஆர்லிக்கி என்ற பொறியாளர். 1975-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஜெர்மனியில் 1972-ல் ஐ.பி.எம். கம்பெனியிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் தொடங்கிய எஸ்.ஏ.பி. கம்பெனியும் அதற்குப் பின் வந்த பலரும் இத்தகைய மென்பொருளை உலகெங்கும் விற்றார்கள். இன்று சிறிய ஆலைகளுக்கும் அது வந்துவிட்டது.

இதனால் நன்மை இல்லையா? உண்டு. திட்டமில்லாத ஆலையில் ஒரு வாரம் மெஷின் சும்மா நிற்கும், மறு வாரம் இரவு பகலாகத் தொழிலாளியை ஓட்டுவார்கள். கார்டிங்கில் சரக்கு மலையாகக் குவியும், ஸ்பின்னிங்கில் பாபின் இல்லாமல் நிற்கும். நல்ல திட்டம் பஞ்சையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். மனித உழைப்பு வீணாவதையும் தடுக்கும். கணக்கை எதிர்ப்பது தொழிலாளியின் வேலை அல்ல. ஆனால் எந்தக் கணக்கும் அதில் போட்ட எண் எவ்வளவு உண்மையோ அவ்வளவுதான் உண்மை.

ஒரு கட்டத்தில் ஓர் எண்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரிங் பிரேமில் 1,200 ஸ்பிண்டில். 40-ஆம் நம்பர் நூல் ஓடுகிறது. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று. நூலில் அங்குலத்துக்கு 26 முறுக்கு. வகுத்தால் ஒரு ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 692 அங்குல நூல் கொடுக்கும். எட்டு மணி நேரத்தில் அது 9,230 கெஜம். ஹேங்க் ஒன்றுக்கு 840 கெஜம். 40 ஹேங்க் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஆக, ஒரு ஸ்பிண்டிலுக்கு எட்டு மணி நேரத்தில் சுமார் 125 கிராம், ஒரு பிரேமுக்கு 150 கிலோ. இது ஒரு விநாடிகூட நிற்காமல், ஒரு இழைகூட அறாமல் ஓடினால் கிடைக்கும் கணக்கு. அப்படி ஓடும் பிரேம் உலகத்தில் இல்லை. டாபிங் உண்டு, டிராவலர் மாற்றுவது உண்டு, சுத்தம் செய்வது உண்டு, இழை அறுவது உண்டு. ஆகவே நூற்றுக்கு எத்தனை என்று ஒரு கட்டத்தில் எழுதுகிறார்கள்.

அந்தக் கட்டத்தில் 90 என்று எழுதினால் பிரேமுக்கு 135 கிலோ. 95 என்று எழுதினால் 142½ கிலோ. வித்தியாசம் ஏழரை கிலோதானே என்று தோன்றும். இருபது பிரேமுக்கு அதைக் கூட்டுங்கள்: 150 கிலோ வருகிறது. அதாவது, விநாடிகூட நிற்காத ஒரு முழு பிரேமின் உற்பத்தி! முதலாளி புதிய மெஷின் வாங்கவில்லை, கடன் வாங்கவில்லை, ஷெட் கட்டவில்லை. ஒரு கட்டத்தில் 90-ஐ அழித்து 95 என்று எழுதினார். கண்ணுக்குத் தெரியாத இருபத்தோராவது பிரேம் ஒன்று வந்துவிட்டது. அந்தப் பிரேமை ஓட்டுகிறவர் யார்? ஏற்கனவே இருபது பிரேமை ஓட்டுகிறவர்களே.

உண்மையில் ஆலை 90-க்குத்தான் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் 95 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷிப்டுக்கு 150 கிலோ குறையும். மூன்று ஷிப்டுக்கு 450 கிலோ. பத்து நாளில் நாலரை டன். வியாபாரிக்குக் கொடுத்த தேதி தவறுகிறது. உடனே என்ன நடக்கிறது? “கட்டத்தில் எழுதிய எண் தப்பு” என்று யாரும் சொல்வதில்லை. வார விடுமுறை ரத்தாகிறது. ஓவர்டைம் கட்டாயமாகிறது. “திட்ட உற்பத்தி எட்டவில்லை” என்று தொழிலாளிக்கு மெமோ வருகிறது. எழுதியவன் பிழைக்கு ஓடினவன் தண்டனை பெறுகிறான்.

இன்னும் ஒன்று. ஒரு தொழிலாளி இரண்டு பிரேம், அதாவது 2,400 ஸ்பிண்டில் பார்க்கிறார். நல்ல பஞ்சில் 100 ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 4 இழை அறுவதாகக் கொள்வோம். மணிக்கு 96 இழையை ஓடிப் பிடித்து ஒட்ட வேண்டும். மட்டமான பஞ்சு வந்து, அல்லது ஷெட்டில் ஈரப்பதம் கெட்டு, அறுவது 8 ஆனால்? மணிக்கு 192. பத்தொன்பது விநாடிக்கு ஒரு இழை. இத்தகைய பிரேம் ஒன்றின் நீளம் 40 மீட்டருக்கு மேல். நாலு பக்கமும் சுற்ற வேண்டும். வேலை இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரில் வேலை மையம் அதேதான், ஆள் கணக்கு அதேதான், எண் அதேதான். விலை குறைந்த பஞ்சு வாங்கியதில் வந்த மிச்சம் கம்பெனிக்கு. அதனால் கூடிய நடை தொழிலாளியின் காலுக்கு. இந்தக் கணக்கை எழுத மென்பொருளில் இடமில்லாமல் இல்லை. எழுதச் சொல்வதற்கு ஆளில்லை.

இடைவேளைக் கட்டத்தையும் பாருங்கள். ரிங் பிரேம் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்பதில்லை. ஆகவே மெஷினுக்கு இடைவேளை பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். சரி, மெஷினுக்குப் பசிக்காது. மனிதருக்கு? அவர் சாப்பிடப் போகும் அரை மணியில் அவர் இடத்தில் நிற்கும் மாற்று ஆள் அந்தக் கணக்கில் இருக்கிறாரா? பெண் தொழிலாளி கழிப்பிடம் போய்வரும் நேரம் இருக்கிறதா? மாற்று ஆள் எழுதப்படவில்லையானால், அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட வேண்டும், அல்லது பக்கத்துத் தொழிலாளி நாலு பிரேமைப் பார்க்க வேண்டும். ஒரு பூஜ்யத்துக்குள் இத்தனை பேருடைய வயிறும் இடுப்பும் அடங்கியிருக்கின்றன.

இது புதிய கதை அல்ல

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பிரடரிக் டெய்லர் என்ற பொறியாளர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்தார். 1899-ல் பெத்லஹேம் உருக்காலையில் இரும்புப் பாளம் சுமந்தவர்களைப் பற்றி, 1911-ல் வெளிவந்த தமது புத்தகத்தில் அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார். நாளொன்றுக்கு பன்னிரண்டரை டன் சுமந்த தொழிலாளி அவர் திட்டப்படி நாற்பத்தேழரை டன் சுமந்தாராம். கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டானது. சுமை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அளந்தவர் கம்பெனியின் ஆள், எழுதியவரும் அவரே, தீர்ப்பளித்தவரும் அவரே.

அதே 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாகாணத்து வாட்டர்டவுன் என்ற ஊரில், சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலையின் வார்ப்படப் பகுதியில் கடிகாரம் வந்தது. ஒரு தொழிலாளி, “என்னைக் கடிகாரம் வைத்து அளக்க விடமாட்டேன்” என்று மறுத்தார். வேலையிலிருந்து நீக்கினார்கள். வார்ப்படத் தொழிலாளர்கள் எல்லோரும் வெளியேறினார்கள். வேலைநிறுத்தம் சில நாள்தான் நீடித்தது. ஆனால் அமெரிக்கப் பார்லிமெண்டு கமிட்டி வைத்து விசாரித்தது. டெய்லரே வந்து சாட்சி சொல்ல நேர்ந்தது. 1915-ல், ராணுவத் தொழிற்சாலைகளில் கடிகாரம் வைத்துத் தொழிலாளியை அளப்பதற்குச் சர்க்கார் பணத்தைச் செலவிடக் கூடாதென்று பார்லிமெண்டே தடை போட்டது. கையில் கடிகாரம் வைத்திருந்தவனைத் தொழிலாளி கண்ணால் பார்த்தார். அதனால் எதிர்க்க முடிந்தது. இன்று கடிகாரம் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. எண் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கண்ணில் படாததை எதிர்ப்பது கடினம். ஆகவே அதை முதலில் கண்ணில் படச் செய்ய வேண்டும்.

விஞ்ஞானம் யாருக்கும் ஏகபோகம் அல்ல

மெஷின்களையும் சரக்கையும் கணிதமாக்கித் திட்டமிடும் விஞ்ஞானத்தை முதலாளிகளே கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1938-ல் லெனின்கிராடில் ஒரு பிளைவுட் தொழில் ஸ்தாபனத்தின் ஆய்வுக்கூடத்தார் ஒரு பிரச்னையுடன் இளம் கணித ஆசிரியர் ஒருவரிடம் வந்தார்கள். மரத்தை உரிக்கும் பலவகை மெஷின்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு வகை மரத்தில் ஒவ்வொரு அளவு உற்பத்தி தருகிறது. எந்த மரத்தை எந்த மெஷினுக்குக் கொடுத்தால் மொத்தத்தில் அதிகம் கிடைக்கும்? இதுதான் பிரச்னை. அந்த ஆசிரியர் லியோனித் கந்தரோவிச். அவர் கண்ட வழியை 1939-ல் லெனின்கிராடு பல்கலைக்கழகம் சிறு புத்தகமாக வெளியிட்டது. 1975-ல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அமெரிக்காவில் 1947-ல் ஜார்ஜ் டான்ட்சிக் இதே வகைக் கணக்குக்குத் தனியாக ஒரு முறை கண்டார். அதன் பெயர் சிம்ப்ளக்ஸ் முறை. நம் ஆலையில் சிம்ப்ளக்ஸ் என்பது ஒரு மெஷின். கணிதத்தில் அது ஒரு வழி.

கந்தரோவிச்சின் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருக்கிற மெஷின்களுக்குள் வேலையைச் சரியாகப் பங்கிட்டே அவர் உற்பத்தியைக் கூட்டினார். தொழிலாளியின் ஓட்டத்தைக் கூட்டச் சொல்லவில்லை. திறமை வேறு, பிழிவது வேறு. நல்ல பங்கீட்டினால் உற்பத்தி கூடினால் அது விஞ்ஞானம். 90-ஐ 95 ஆக்கி உற்பத்தி கூடினால் அது வேலைப்பளு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி “உற்பத்தித் திறன்” என்று முத்திரை குத்தி நம் தலையில் வைக்கிறார்கள். சாக்கைப் பிரித்துப் பார்க்க நாம் பழக வேண்டும்.

நார்வே காட்டிய வழி

பிரித்துப் பார்த்த தொழிலாளர்கள் உண்டு. நார்வே நாட்டின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கம், கம்ப்யூட்டர் மூலம் உற்பத்தியைத் திட்டமிடும் முறைகள் தொழிற்சாலைகளில் நுழைந்தபோது, 1970-ல் ஒரு முடிவு செய்தது. “இதை நாமே படிப்போம்” என்பதே அந்த முடிவு. உதவிக்கு வந்தவர் கிறிஸ்டன் நிகார்டு. சாமானிய ஆள் அல்ல. தொழிற்சாலை போன்ற அமைப்புகளைக் கம்ப்யூட்டருக்குள் மாதிரியாக வடிக்க 1960-களில் சிமுலா என்ற மொழியை ஓலே-யோஹான் டாலுடன் சேர்ந்து உருவாக்கியவர். அதே நிபுணர், அந்த மாதிரி தொழிலாளிக்கு எதிராகத் திரும்பக் கூடும் என்று கண்டு, தொழிலாளர் பக்கம் வந்து நின்றார்.

முதலில், நிபுணர்கள் ஆராய்ந்து அறிக்கை எழுதிச் சங்கத்துக்குக் கொடுப்பது என்றுதான் திட்டம். அறிக்கை அலமாரிக்குப் போகும், ஆலையில் ஒன்றும் மாறாது என்று விரைவில் தெரிந்தது. திட்டத்தை மாற்றினார்கள். ஆலைச் சங்கத்தைப் பலப்படுத்தும் காரியம் எதுவோ அதுவே இந்த ஆராய்ச்சியின் பலன் என்று வகுத்துக்கொண்டார்கள். தொழிலாளர்கள் ஆலைதோறும் படிப்புக் குழு வைத்தார்கள். தங்களுக்கான பாடப் புத்தகம் எழுதினார்கள். தங்கள் ஆலையில் நிர்வாகம் கொண்டுவரும் திட்ட முறையைத் தாங்களே பரிசீலித்தார்கள். 1975-ல் நாடு தழுவிய தொழிற்சங்க சம்மேளனமும் முதலாளிகள் சங்கமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கம்ப்யூட்டர் முறைகளைக் கொண்டுவருமுன் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் விவரம் தர வேண்டும். இந்த விஷயத்தைக் கவனிக்கத் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அது வகை செய்தது. 1977-ல் வேலைச் சூழல் சட்டமும் இந்த உரிமையை ஒப்புக்கொண்டது. கம்ப்யூட்டரை உடைக்கவில்லை; அதன் முன் கைகட்டியும் நிற்கவில்லை. அதைத் திறந்து காட்டச் சொன்னார்கள்.

நம் நாட்டுக் கணக்கு

நமக்கும் இந்தப் போராட்டம் புதிதல்ல. 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ரேஷனலைசேஷனை எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளைக் குறைத்து, மீதிப் பேர் தலையில் தறியையும் ஸ்பிண்டிலையும் ஏற்றும் திட்டத்துக்குத்தான் அன்று அந்த அழகான பெயர். 1957-ல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டை, குடும்பத் தேவையை வைத்துக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கச் சொன்ன மாநாடு என்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே மாநாடு ரேஷனலைசேஷனுக்கும் நிபந்தனை வகுத்தது: இருக்கிற தொழிலாளிக்கு ஆட்குறைப்போ வருமான நஷ்டமோ கூடாது, ஆதாயத்தில் எல்லோருக்கும் நியாயமான பங்கு வேண்டும், வேலைப்பளுவை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபுணர்கள் மதிப்பிட வேண்டும். சர்க்காரும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒன்றாக அமர்ந்து ஒப்புக்கொண்ட விஷயம் இது. கம்ப்யூட்டரில் எழுதினால் வேலைப்பளு வேலைப்பளு இல்லாமல் போய்விடுமா?

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் போய், 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்க்க நமக்கு எத்தனையோ காரணம் உண்டு. ஆனால் கையில் மிஞ்சிய ஆயுதத்தைத் துருப்பிடிக்க விடக் கூடாது. வேலை நேரம், ஓய்வு இடைவேளை, ஷிப்டு முறை, ஆட்குறைப்புக்கு வழிசெய்யும் ரேஷனலைசேஷன் ஆகியவற்றில் மாறுதல் செய்யுமுன் நிர்வாகம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 21 நாள் பொறுக்க வேண்டும் என்ற விதி பழைய சட்டத்தில் இருந்ததுபோல் புதியதிலும் இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் மாறுதல், கம்ப்யூட்டர் கட்டத்தில் திருத்தினால் மாறுதல் இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கரும்பு வெட்டுகிறவருக்கும் இதில் பங்குண்டு

இது ஆலைக்குள் இருப்பவர் சங்கதி மட்டும்தானே என்று விவசாயத் தொழிலாளர் நினைக்க வேண்டாம். சர்க்கரை ஆலையும் இதே கணக்கைத்தான் போடுகிறது. நாளொன்றுக்கு எத்தனை டன் அரைக்கலாம், எந்த வயலில் எந்த ரகம், எந்தத் தேதியில் நட்டது, எப்போது முற்றும் என்று எழுதிவைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு வெட்டு உத்தரவு கொடுக்கிறார்கள். வெட்டிய கரும்பு காய்ந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் அதில் யாருடைய நேரம் எழுதப்பட்டிருக்கிறது? மில் நிற்கும் ஒரு மணி நேரம் எழுதப்பட்டிருக்கிறது, அது நஷ்டம். லாரி வராமல் வெட்டுக் கூட்டம் வரப்பில் குந்தியிருக்கும் ஒரு மணி நேரம் எழுதப்படவில்லை. டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் காத்திருந்தால் கம்பெனிக்குச் செலவில்லை. செலவில்லாதது கணக்கில் ஏறுவதில்லை. ஆலை மெஷின் சும்மா நின்றால் மணி அடிக்கும். மனிதன் சும்மா நிறுத்தப்பட்டால் அடிக்க ஒரு மணியும் இல்லை. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கேட்டுப் பாருங்கள்; மறுநாளே அந்தக் கட்டம் கம்ப்யூட்டரில் முளைக்கும், லாரியும் நேரத்துக்கு வரும்.

நாம் கேட்பது என்ன?

நமது கோரிக்கைகள் எளியவை.

ஒன்று: நம் வேலையை ஆளுகிற எண்களை நமக்குக் காட்டு. மெஷின் திறன் நூற்றுக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை பிரேம், இடைவேளை எத்தனை நிமிடம், மாற்று ஆள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு பகுதியிலும் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். தமிழில் மட்டும் போதாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு நிற்கும் தோழர்கள் படிக்கும் மொழியிலும் வேண்டும். விவரம் பிரிந்து கிடந்தால் தொழிலாளியும் பிரிந்து கிடப்பார்.

இரண்டு: எண்ணை மாற்றுமுன் யூனியனோடு பேசு. கூட்டாக அளந்து பார்ப்போம். பொறுக்கி எடுத்த திறமைசாலியை நல்ல பஞ்சில் காலை ஷிப்டில் அளந்தால் அது அளவல்ல. சாதாரணத் தொழிலாளி, மூன்று ஷிப்டு, நல்ல பஞ்சும் மட்டப் பஞ்சும், கோடை வெயிலும் சேர்ந்ததே உண்மையான அளவு.

மூன்று: பஞ்சு மட்டமானால், இழை அறுவது கூடினால், ஆள் கணக்கும் கூட வேண்டும். சாப்பாடு, தண்ணீர், கழிப்பிடம், சுத்தம் செய்தல், மாற்று ஆள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் வேண்டும். அதில் பூஜ்யம் கூடாது.

நான்கு: கூட்டாக ஒப்புக்கொள்ளாத எண்ணைக் காட்டி எந்தத் தொழிலாளிக்கும் மெமோ கொடுக்கக் கூடாது, கூலியைப் பிடிக்கக் கூடாது.

ஐந்து: நல்ல திட்டத்தினால் வரும் ஆதாயத்தில் கூலியாகவும் ஓய்வாகவும் நமக்குப் பங்கு வேண்டும், அதன் பெயரால் ஒருவரும் வேலை இழக்கக் கூடாது.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தோழர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். தேதி, ஷிப்டு, நூல் நம்பர், எத்தனை பிரேம் பார்த்தார், எத்தனை முறை மெஷின் எதனால் நின்றது, சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது என்று எழுதட்டும். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஊதிப் பெருக்கி எழுதிய கணக்கு கூட்டு அளவையின் முதல் நாளிலேயே உடைந்துவிடும். அதற்குப் பிறகு நம் உண்மையையும் நம்ப மாட்டார்கள். ஒரு மாத நோட்டு, நிர்வாகத்தின் மேஜையில் விழுந்தால், நூறு கோஷத்தைவிடக் கனமாக விழும். படித்த பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். இந்த மென்பொருளின் நான்கு புத்தகங்களையும் படித்துச் சொல்ல ஆலைக்கு இரண்டு இளைஞர்களை யூனியன் பழக்க வேண்டும்.

மெஷினின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகிறது என்று சொல்லும் தொழிலாளி, பஞ்சைத் தொட்டே இன்று இழை அறுமா என்று சொல்லும் தொழிலாளி, ஆலையைப் பற்றிய உண்மையை எவரைவிடவும் நன்றாக அறிந்தவர். அவரைக் கேட்காமல் எழுதிய மாதிரி, ஆலையின் மாதிரி அல்ல. முதலாளியின் ஆசையின் மாதிரி.

மரக்காலைத் தெருவில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் அளந்து பார்க்கச் சொன்ன நாளில்தான் வயலில் கள்ள மரக்கால் ஒடுங்கியது. ஆலையிலும் அந்த நாளைக் கொண்டுவருவோம். தோழர்களே, அடுத்த யூனியன் கமிட்டியில் இதை முதல் விஷயமாக வையுங்கள்: நம்மை அளக்கிற எண் எது, அதை எழுதியது யார்?